நடக்கத் தொடங்கிய குழந்தையின் குணம்: வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை உள்ள வீடுகளின் தாய் தந்தையருக்கும், தாத்தா பாட்டிமாருக்கும்,

முதல் பிறந்தநாளைத் தாண்டிய குழந்தையின் உடல் வளர்ச்சி மெதுவாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, ஆண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2 கிலோ. பெண் குழந்தைக்கு இவை முறையே 3.2, 8.9, 11.5. முதல் ஆண்டில் ஆறு கிலோ அளவுக்கு ஏறிய உடம்பு அடுத்த ஆண்டில் இரண்டரை கிலோதான் ஏறுகிறது. அதற்கேற்பப் பசியும் குறைகிறது. "முன்னெல்லாம் கிண்ணம் நிறையச் சாப்பிட்டான், இப்ப நாலு வாய்க்கு மேல வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்ற புலம்பல் பெரும்பாலான வீடுகளில் இந்த வயதில்தான் தொடங்குகிறது. உடல் நலமாக இருந்து எடையும் சீராக ஏறிக்கொண்டிருந்தால், அந்த நாலு வாய் அந்த வேளைக்குப் போதுமானதே.

இதே காலத்தில் புதுப் பண்டத்தின் மேல் ஒரு சந்தேகமும் முளைக்கிறது. நேற்றுவரை தின்ற கீரையைக் குழந்தை இன்று துப்பும். பருப்பு சாதத்தில் ஒரு கேரட் துண்டு தென்பட்டால் தட்டையே தள்ளிவிடும். வற்புறுத்தாமல், கொஞ்சமாக, பத்துப் பதினைந்து வேளை திரும்பத் திரும்ப வைத்துவந்தால் பல குழந்தைகள் அதே பண்டத்தை ஏற்கத் தொடங்குகின்றன. கையைப் பிடித்து, தாடையை அழுத்தி ஊட்டுகிற வீட்டில் சாப்பாட்டு வேளையே போர்க்களமாகிவிடுகிறது. குழந்தை தன் விருப்பத்தை முழுமையாகச் செலுத்த முடிந்த முதல் இடம் அதன் வாய்தான். நடக்கவும் பேசவும் தெரிவதற்கு முன்பே வாயை மூடிக்கொள்ளத் தெரியும். ஆகவே முதல் மறுப்பும் அங்கிருந்தே வருகிறது. அதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள், ஒரு தனி மனிதர் வந்துகொண்டிருப்பதன் முதல் அடையாளத்தைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்த கவலை நடை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டது, நம் வீட்டுக் குழந்தை பதினான்கு மாதமாகியும் சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது என்று மனம் கனக்கிறவர்கள் பலர். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் ஒரு கால எல்லையை வகுத்தது. அதன்படி பிடியில்லாமல் தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். ஒன்பது மாத இடைவெளி! கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வதையே தாண்டிவிட்டு நேராக நிற்கத் தொடங்கிய குழந்தைகளும் அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். முன்னால் நடந்தது யார் என்பதை ஐந்தாம் வயதில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நடை பழகுவதன் பின்னாலுள்ள உழைப்போ பெரியவர்களை வெட்கப்படவைக்கும் அளவு பெரியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கரேன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தடையின்றி விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்தன. 17 முறை விழுந்தன. விழுந்ததும் எழுந்து மறுபடி நடந்தன. ஒவ்வொரு முறையும் "ஐயோ!" என்று பெரியவர் ஓடி வந்து தூக்கினால் குழந்தை விழுவதற்கு அல்ல, அந்தக் குரலுக்குத்தான் அழக் கற்றுக்கொள்கிறது. (இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கைப்பிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டு போகும் நம் ஊர் மர நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குகிறது. உள்ளே உட்காரவைத்துக் காலால் உந்தும் வாக்கர் அப்படிப்பட்டதல்ல. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளை முன்னிட்டு கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.)

நடை தொடங்கிய மாதத்தைவிட நடந்த விதமே குழந்தையைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஒரு குழந்தை வாரக்கணக்கில் நாற்காலி, கட்டில், அலமாரி என்று பிடித்துப் பிடித்துச் சுற்றிவந்து, ஒருநாள் கையை விட்டதும் அவ்வளவாக விழாமல் நடக்கிறது. இன்னொன்று நிற்கவே சரியாகத் தெரியாத நிலையில் ஓடப் பார்த்து, முட்டி, சிராய்த்து, மறுபடி ஓடுகிறது. மூன்றாவது ஒன்றுக்கு யாராவது கைதட்டிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் அடி எடுக்கும். மாத அட்டவணையில் மூன்றும் ஒரே கட்டத்தில் விழும். குணத்தில் மூன்றும் மூன்று ஆட்கள். அட்டவணை எச்சரிக்கைக்கானது, குழந்தையை அறிவதற்கு அது போதாது. இந்த வேறுபாட்டை வீட்டார் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இம்மடல் எழுதப்படும் காரணம்.

மாதக் கணக்கு தமிழுக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மாதம் குறித்தே வகுக்கின்றன: செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பது, தளர்நடை போட்டு வரச்சொல்லும் வருகைக்குப் பதின்மூன்று, நிலவை விளையாட அழைக்கும் அம்புலிக்குப் பதினைந்து, மணல் வீடு பற்றிய சிற்றிலுக்குப் பதினேழு. இன்றைய ஆய்வாளர்கள் தரும் கணக்கோடு இவற்றை வைத்துப் பார்த்தால், அந்தப் புலவர்கள் தெருவிலும் திண்ணையிலும் குழந்தைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தானாக நடப்பதன் சராசரி பன்னிரண்டு மாதத்தை ஒட்டி வருகிறது. வருகைப் பருவம் அதற்கு அடுத்த மாதம். பாவனை விளையாட்டு, அதாவது காலிச் சொப்பில் காபி ஆற்றிக் குடிக்கக் கொடுப்பது, பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பது, ஒன்றரை வயதை ஒட்டித் தெளிவாகத் தொடங்குகிறது. சிற்றில் பருவமும் அங்கேதான் நிற்கிறது.

அம்புலிப் பருவம் இவற்றில் ஆழமானது. நிலவைக் காட்டினால் குழந்தை நிலவைப் பார்க்க வேண்டும், காட்டுகிற விரலைப் பார்க்கக்கூடாது. இன்னொருவர் பார்க்கும் திசையில் தானும் பார்த்து, "இருவரும் ஒன்றையே பார்க்கிறோம்" என்று அறிவது மனித மனத்தின் பெரிய வாசல்களில் ஒன்று. ஒன்பதாம் மாதத்துக்கும் பதினைந்தாம் மாதத்துக்கும் இடையில் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே விரல் நீட்டத் தொடங்குகின்றன. அந்த நீட்டலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, "அதை எடுத்துக் கொடு." மற்றது, "அதோ பார்!" காக்கையையோ, குப்பை வண்டியையோ, மின்விசிறியையோ காட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு எதுவும் கொடுக்கத் தேவையில்லை, உடன் பார்த்தால் போதும். பேச்சின் வேர் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. இடுப்பில் வைத்து நிலாக் காட்டிச் சோறு ஊட்டிய தலைமுறைகள் சோற்றோடு சேர்த்து இதையும் ஊட்டியிருக்கின்றன. கையில் கைபேசியைக் கொடுத்து ஊட்டும்போது குழந்தையும் தாயும் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பதில்லை. இழப்பு அங்கே இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது.

பேச்சில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு நடையைவிட அதிகம். இரண்டு வயதில் ஒரு குழந்தை ஐம்பது சொல் பேசும். அடுத்த தெருவில் இன்னொன்று முந்நூறு, நானூறு சொல் பேசும். இரண்டும் நலமாக இருக்கலாம். எண்ணிக்கைக்கு அப்பால் இங்கேயும் ஒரு விதம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சன் பதினெட்டுக் குழந்தைகளின் முதல் ஐம்பது சொற்களைச் சேகரித்து 1973இல் வெளியிட்டார். சில குழந்தைகள் பொருள்களின் பெயர்களையே வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போயின. வேறு சில, மனிதரோடு புழங்குவதற்கான சொற்களையும் சிறு தொடர்களையும் முதலில் பிடித்துக்கொண்டன. தமிழ் வீட்டில் பார்த்தால் ஒன்று "பந்து, நாய், கார், பூ" என்று உலகத்துக்குப் பெயரிட்டுக்கொண்டிருக்கும். மற்றது "போ, வேணாம், டாட்டா, என்னது" என்று ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கும். முதல் குழந்தை பொருள்களின் மேலும் இரண்டாவது முகங்களின் மேலும் அதிக நாட்டம் உள்ளது என்று கொள்ள இடமுண்டு. வீட்டில் தமிழும் பள்ளியிலோ தொலைக்காட்சியிலோ ஆங்கிலமுமாக இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாகிறது என்ற அச்சம் பரவலாக உள்ளது. இரு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமல்ல. வீட்டு மொழியை விட்டுவிட வேண்டியதில்லை.

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் நிகழ்வதுதான் இப்பருவத்தின் நடுநாயகம்: குழந்தை தன்னை அறிகிறது. குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் சிறிது சிவப்புச் சாயம் தடவி, கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கும் சோதனையை பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் வெளியிட்டார். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருப்பது வேறொரு குழந்தை என்று எண்ணிச் சிரிக்கும், தட்டும், கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடும். இரண்டு வயதை நெருங்கும் குழந்தை தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். பேச்சிலும் இதே மாற்றம் தெரிகிறது. "பாப்பாக்கு வேணும்" என்று தன்னையே பெயர் சொல்லிச் சுட்டும் குழந்தை மெல்ல "எனக்கு" என்ற இடத்துக்கு வருகிறது. கூடவே "என்னுது!" என்ற கூக்குரலும் வருகிறது. விளையாட வந்த பிள்ளையிடமிருந்து, தான் ஒரு மாதமாகத் தொடாத பொம்மையைக்கூடப் பிடுங்கிக்கொண்டு அலறும். இதைச் சுயநலம் என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். இரண்டு வயது ஆண் குழந்தைகளை இணை இணையாக விளையாடவிட்டுப் பார்த்து 1983இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னைப் பற்றிய அறிவு கூடுதலாக வளர்ந்திருந்த குழந்தைகளே பொம்மைகளை அதிகம் உரிமை கொண்டாடின. 'நான்' உருவாகாமல் 'என்னுடையது' உருவாக முடியாது. 'என்னுடையது' இல்லாமல் கொடுப்பதும் முடியாது.

தன்னை அறிந்த குழந்தைக்கு வெட்கமும் பெருமையும் அவமானமும் புதிதாகக் கிடைக்கின்றன. விருந்தினர் முன்னால் "அந்தப் பாட்டுப் பாடிக் காட்டு", "யானை எப்படிக் கத்தும்" என்று நிறுத்திவைப்பதும், சொல்லாமல் தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்தால் கூடிச் சிரிப்பதும், பேன்ட்டில் சிறுநீர் கழித்ததை எல்லாருக்கும் சொல்வதும் ஆறு மாதக் குழந்தையைத் தொடாது. இரண்டு வயதுக் குழந்தையைத் தொடும். எரிக் எரிக்சன் 1950இல் வெளியான தம் நூலில் இந்த வயதின் நெருக்கடியை ஒரு பக்கம் தன்னுரிமை, மறுபக்கம் வெட்கமும் ஐயமும் என்று வரையறுத்ததில் இன்றும் பொருள் இருக்கிறது.

அடம் பிடிப்பது இந்தத் தன்னுரிமையின் வெளிப்பாடு. "நானே" என்று செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொள்வதும், வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டதற்காகத் தரையில் புரண்டு அழுவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. விருப்பம் பெரியதாகிவிட்டது; அதைச் சொல்லும் சொல்லும், அடக்கும் மூளைப் பகுதியும் அந்த அளவுக்கு வளரவில்லை. பசியும் தூக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பொட்டேகல், டேவிட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அழுகைச் சீற்றங்களைப் பெற்றோரின் விவரிப்பிலிருந்து தொகுத்து 2003இல் வெளியிட்டார்கள். முக்கால்வாசிச் சீற்றங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை நீடித்தவையே மிகுதி. கடைத்தெருவில் நின்றுகொண்டிருக்கும் தாய்க்கு அது அரை மணி நேரமாகத் தோன்றுவது இயல்பு.

அந்த ஐந்து நிமிடத்தில் பெரியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. அடிபடாமல் பார்த்துக்கொள்வது, பக்கத்தில் இருப்பது, குரலை உயர்த்தாமலிருப்பது, அழுகைக்காக முடிவை மாற்றாமலிருப்பது. அறிவுரை அப்போது காதில் ஏறாது. முன்கூட்டிச் செய்யக்கூடியவையே அதிகம்: கிளம்புவதற்குச் சற்று முன்னால் சொல்லிவைப்பது, "சட்டை போடலாமா" என்று கேட்டு "வேணாம்" வாங்குவதற்குப் பதில் "நீலமா, மஞ்சளா" என்று கேட்பது, தானே செய்ய விரும்பியதைச் செய்ய ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குவது. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் என்று பயம் காட்டி அடக்குவதை நம் வீடுகள் விட்டுவிட வேண்டும். அது அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் பின்னொரு நாள் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது, எந்த மடியை நம்பி அந்தக் குழந்தை உட்கார வேண்டுமோ அந்த மடியே அதைப் பயமுறுத்தியதாக இருக்கும்.

விலகி ஓடும் இதே குழந்தைதான் ஒட்டிக்கொண்டும் திரிகிறது. மேரி எய்ன்ஸ்வொர்த் 1950களின் நடுவில் உகாண்டாவின் கிராம வீடுகளில் தாயையும் சேயையும் கவனித்தபோது, தவழும் குழந்தை தாயைவிட்டுக் கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்த்து, வந்து தொட்டுவிட்டு மறுபடி போவதைக் குறித்தார். தாய் அருகில் இருக்கிறாள் என்ற உறுதிதான் தூரம் போகும் தைரியத்தைத் தருகிறது. கழிவறைக் கதவு வரை பின்னால் வந்து அழுகிற ஒன்றரை வயதுக் குழந்தையை "ரொம்பச் செல்லம் கொடுத்துட்டே" என்று உறவினர்கள் கடிந்துகொள்வார்கள். தூக்கிவைத்துக்கொள்வதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாக் குழந்தைக்கும் பொது. ஆனால் இரண்டாவது குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஓர் உண்மையைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்: அதே வீடு, அதே கை, அதே தாலாட்டு, ஆனால் முற்றிலும் வேறு குழந்தை. பிறவி இயல்பு என்று பாட்டிகள் சொல்லிவந்ததை நெடுங்கால ஆய்வாக எடுத்துச் செய்தவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர். தாயின் வளர்ப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மனநல மருத்துவம் தாய்மார்களைக் குற்றம்சாட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1956இல் நியூயார்க்கில் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். குழந்தை எவ்வளவு துடியாக இருக்கிறது, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகின்றனவா, புது ஆளையோ புது இடத்தையோ கண்டால் நெருங்குகிறதா ஒதுங்குகிறதா, மாற்றத்துக்குப் பழக எவ்வளவு காலம் எடுக்கிறது, சிறு ஓசைக்கும் துணியின் உரசலுக்கும் எவ்வளவு கூசுகிறது, சிரிப்பும் அழுகையும் எவ்வளவு உரக்க வருகின்றன, பொதுவான மனநிலை என்ன, கவனத்தை எளிதில் திருப்ப முடிகிறதா, ஒரு வேலையில் எவ்வளவு நேரம் ஊன்றி நிற்கிறது என்ற ஒன்பது கேள்விகளால் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்தார்கள். நூற்றுக்கு நாற்பது குழந்தைகள் எளிதில் பழகுபவையாகவும், பத்து கடினமானவையாகவும், பதினைந்து மெதுவாக இளகுபவையாகவும் இருந்தன. மீதி முப்பத்தைந்து எந்த வகையிலும் அடங்கவில்லை. வகை பிரித்தவர்களே மூன்றிலொரு பங்கைப் பெயரிடாமல் விட்ட நேர்மையை வீட்டாரும் பின்பற்றலாம்.

அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர்நாடி வகைப்பாட்டில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. எந்த இயல்பும் தனியே நல்லதோ கெட்டதோ அல்ல. குழந்தையின் இயல்பும் அது வளரும் இடத்தின் எதிர்பார்ப்பும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. நடுத்தர வர்க்கக் குடும்பங்களோடு சேர்த்து, நியூயார்க்கில் குடியிருந்த போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் அவர்கள் பார்த்தார்கள். நேரம் தவறித் தூங்கும் குழந்தை நடுத்தர வர்க்க வீட்டில் பெரிய சிக்கலாக இருந்தது. தூங்கும் நேரத்தை யாரும் வற்புறுத்தாத தொழிலாளர் வீட்டில் பள்ளி தொடங்கும்வரை அது சிக்கலாகவே தெரியவில்லை. அதற்கு நேர்மாறாக, துடியான குழந்தை நெருக்கமான சிறு குடியிருப்பில் தீராத தொல்லையாகக் கருதப்பட்டது. ஓட இடமிருந்த வீட்டில் சாதாரணக் குழந்தையாக வளர்ந்தது. சென்னையின் இரண்டாம் மாடி ஒற்றைப் படுக்கையறை வீட்டில் "அடங்காத பிள்ளை" எனப் பெயர் வாங்கும் குழந்தை, கோடை விடுமுறையில் முற்றமும் கிணற்றடியும் உள்ள தாத்தா வீட்டுக்குப் போனதும் யாருக்கும் தொந்தரவில்லாத பிள்ளையாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒதுங்கும் குழந்தையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுதியாகப் புண்படுத்தப்படுவது அதுதான். ஹார்வர்டின் ஜெரோம் கேகன், புதியதைக் கண்டால் உறைந்து நிற்கும் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். நான்காம் மாதத்தில் புது ஓசைக்கும் ஆடும் பொம்மைக்கும் கைகால் உதறி அழுத குழந்தைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் பல இரண்டு வயதில் கூச்சம் மிகுந்தவையாக இருந்தன. ஆனால் வளர வளரக் கணிசமானவை நடுநிலைக்கு நகர்ந்தன. ஷின்யின் சென் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கனடாவில் ஒதுங்கும் இரண்டு வயதுக் குழந்தையின் தாய் கவலையும் கண்டிப்பும் காட்டும் போக்கில் இருந்தார். சீனாவில் அதே இயல்புள்ள குழந்தையின் தாய் கூடுதல் அரவணைப்போடு ஏற்றுக்கொண்டார். இயல்பு ஒன்றுதான்; ஒரு ஊரில் குறை, இன்னொரு ஊரில் அடக்கம். கல்யாண வீட்டில் யார் கையிலும் போகாமல் தாயைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு முதலில் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க இடம் கொடுத்தால் போதும். கையிலிருந்து கைக்கு மாற்றி, "என்ன இது, இப்படி அழறே" என்று கேலி செய்தால் அடுத்த கல்யாணத்தில் வாசலிலேயே அழும்.

வயது மூன்றாகும் முன்பே "இவன் முரடன்", "இவள் சமத்து", "அக்கா மாதிரி இல்லை" என்று பட்டம் கட்டுவதும் இதனோடு சேர்ந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழி வீட்டாரை அளவுக்கு மீறி அச்சுறுத்திவிட்டது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, மூன்று வயதில் கண்ட நடத்தைக்கும் இருபத்தாறு வயதின் ஆளுமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது உண்மை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய போக்கு. ஒரு குழந்தையைக் காட்டி இது இப்படித்தான் ஆகும் என்று சொல்ல அது இடம் தரவில்லை. சமத்து என்ற பட்டமும் சுமைதான். கேட்காத குழந்தையின் தேவையை யாரும் கவனிப்பதில்லை.

அடமும் கூச்சமும் கண்ணுக்கு எளிதில் படுவதால் கருணை கவனிக்கப்படாமல் போகிறது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் கைதவறிக் கீழே போட்ட பொருளை எட்ட முடியாமல் தவித்தபோது பதினெட்டு மாதக் குழந்தைகள் யாரும் கேட்காமலே தத்தி நடந்துபோய் எடுத்துக்கொடுத்தன. பெட்டி ரெபகோலி, அலிசன் கோப்னிக் இருவரும் 1997இல் காட்டியது இன்னும் நுட்பமானது. ஆய்வாளர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்தார், பச்சைப் பிராக்கோலியைத் தின்று மகிழ்ந்தார். பிறகு எனக்குக் கொஞ்சம் கொடு என்று கை நீட்டினார். பதினான்கு மாதக் குழந்தைகள் தமக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. பதினெட்டு மாதக் குழந்தைகள் தமக்குப் பிடிக்காத பிராக்கோலியை எடுத்துக் கொடுத்தன. பிறருக்குப் பிடித்தது வேறாக இருக்கலாம் என்ற அறிவு அந்த நாலு மாதத்துக்குள் வந்துவிடுகிறது. பெருக்கும்போது துடைப்பத்தைப் பிடுங்குவதும், மாவு பிசையும்போது கையை நுழைப்பதும் பெரும்பாலும் இந்த உதவும் ஆசைதான். "போ, அந்தப் பக்கம் போய் விளையாடு" என்பதற்குப் பதில் ஒரு சிறு உருண்டை மாவு கொடுக்கலாம்.

ஒரே குழந்தையிடம் இவை எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கும் என்பதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சார்ல்ஸ் டார்வின் வைத்திருந்த குறிப்பேடு. 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி அவர் அன்றாடம் குறித்துவைத்தவை, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1877இல் 'மைண்ட்' இதழில் கட்டுரையாக வந்தன. ஒரு வயதை எட்டும் சமயம் அந்தக் குழந்தை உணவுக்குத் தானே ஒரு சொல் உண்டாக்கிக்கொண்டது. அது நம் வீட்டுக் குழந்தைகளின் 'மம்மு'வுக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு வயது மூன்று மாதத்தில், கோபமூட்டியவர்கள் மேல் புத்தகத்தையும் குச்சியையும் வீசுவதில் அவன் தேர்ந்தவனாகியிருந்தான். அதே இரண்டு வயது மூன்று மாதத்தில்தான், கையிலிருந்த கடைசித் துண்டு இஞ்சி ரொட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, தன் பெயரைத் தானே சொல்லித் தன்னை நல்லவன் என்று மெச்சிக்கொண்டான். இரண்டு வயது எட்டு மாதத்தில், ஊறுகாய்ச் சாறு பட்ட மேலாடையைச் சுருட்டி மறைத்துக்கொண்டு சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்தான். ஒன்றுமில்லை என்று சாதித்தான். டார்வின் அதைக் கெட்ட குணத்தின் தொடக்கமாகக் காணவில்லை. நல்லுணர்வைத் தூண்டி மட்டுமே வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளை விரைவிலேயே உண்மையும் மென்மையும் உள்ளவனானான் என்று எழுதினார். வீசும் கையை மட்டும் குறித்தவர் முரடன் என்றிருப்பார். ரொட்டியை மட்டும் குறித்தவர் தியாகி என்றிருப்பார். இரண்டையும் தேதியோடு குறித்ததால் ஒரு முழுக் குழந்தை நமக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருப்பது நல்லது. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் பின்னாளில் நினைவில் நிற்பதில்லை. ஒருவர் வாழ்வின் இந்த ஆண்டுகளுக்கு அவரே சாட்சியாக இருக்க முடியாது, வளர்த்தவர்களே சாட்சி. கைபேசியில் ஆயிரம் படம் இருக்கும். ஆனால் எதைக் கண்டு பயந்தது, எந்தச் சொல்லைத் தானே உண்டாக்கியது, கோபம் எப்படித் தணிந்தது, யாரைக் கண்டால் முகம் மலர்ந்தது என்பவை படத்தில் இருப்பதில்லை. வாரத்துக்கு நாலு வரி, தேதியோடு, பாராட்டும் குறையும் கலக்காமல் கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும்.

அந்த நோட்டு மருத்துவரிடமும் பயன்படும். விதம் வேறுபடலாம் என்று இம்மடல் முழுவதும் சொல்லப்பட்டாலும், காத்திருக்கக்கூடாத சில நிலைகள் உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, பதினெட்டு மாதமாகியும் தானாக நடக்காமலோ எதையும் விரல் நீட்டிக் காட்டாமலோ இருப்பது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் இல்லாதிருப்பது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. எந்த வயதிலானாலும் பேசிய சொற்களோ கற்ற செயல்களோ மறைந்துபோனால் உடனே காட்ட வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று தள்ளிப்போடும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. பேச்சு தாமதமானால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கின்றனர். தேவைப்படும் குழந்தைகள் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை முதலியவை கட்டணமில்லாமல் கிடைக்கும்.